மாப்பிள்ளைக்குக் கப்பலா, கேன்டீனா? ஓட்டல் வேலைக்காரர்களுக்கு ஒரு சாயங்காலக் கணக்கு

என் தங்கை வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. முகூர்த்த நாள்களுக்கு அதிலேயே குறி போட்டிருக்கிறார்கள். மார்ச் முதல் வாரம் போயிருந்தபோது பிப்ரவரித் தாள் இன்னும் கிழிபடாமல் இருந்தது. சில தேதிகளைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். சிலிண்டர் வந்த தேதியோ, பால் கணக்கோ என்று நினைத்துக் கேட்டேன்.

"அவரு ராத்திரி எங்களோட உட்கார்ந்து சாப்பிட்ட நாள் அண்ணா."

எண்ணிப் பார்த்தேன், நான்கு வட்டம். முகூர்த்தக் குறி இருந்த தேதியில் ஒன்றுகூட இல்லை.

மாப்பிள்ளை சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பேங்க்வெட் கேப்டன், அதாவது கல்யாணம், விருந்து நடக்கும் ஹாலில் பரிமாறும் குழுவுக்குத் தலைவர். தங்கை வங்கியில் வேலை பார்க்கிறாள். பையனுக்கு இரண்டரை வயது. அன்றைக்கு மாப்பிள்ளை கையில் நான்கு வாய்ப்பு இருந்தது: அமெரிக்கப் பக்கம் ஓடும் சொகுசுக் கப்பல், துபாய், ஊட்டியில் ஒரு ரிசார்ட், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை கேன்டீன். இருக்கிற ஓட்டலிலேயே வேறு இடத்துக்கு மாறுவது ஐந்தாவது. ஆறாவதும் உண்டு. ஓட்டல்காரர்கள் எல்லோருக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் சொந்த மெஸ் கனவுதான் அது.

"மச்சான், நீங்க எல்லாத்தையும் பார்த்தவர். ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

எல்லாவற்றையும் பார்த்தவன் இல்லை. சென்னையில் ஆறு வருஷம் ரெஸ்டாரன்ட் சர்வீஸ், கப்பலில் இரண்டு கான்ட்ராக்ட், அப்புறம் ஒன்பது வருஷமாகத் தொழிற்சாலை கேன்டீன். ஊட்டியும் துபாயும் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கேன்டீன்காரன் கேன்டீனைத்தான் புகழ்வான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மணி நேரம் பார்த்தால் ஏமாறுவோம்

வேலையை ஒப்பிடும்போது நாம் முதலில் கேட்பது இரண்டு: சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம். சம்பளத்துக்குப் பிறகு வருகிறேன். மணி நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது பாருங்கள்.

கப்பலில் ஒரு சுற்று என்றால் ஏழு மாதம் வேலை, இரண்டு மாதம் வீடு. மொத்தம் 39 வாரம். அந்த ஏழு மாதத்தில் வார விடுமுறை கிடையாது. நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் 210 நாளில் 2,100 மணி. சென்னையில் அதே 39 வாரம், வாரத்துக்கு 54 மணி என்று வைத்தால் 2,106. தமிழ்நாட்டில் உணவு நிறுவனங்களுக்கு 1958லேயே தனிச் சட்டம் உண்டு, வாரத்துக்கு 48 மணி என்பது அதில் கணக்கு. கல்யாண சீசனில் பேங்க்வெட்காரர் யாரும் 48ல் முடித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் 54.

ஆக, இரண்டு இடத்திலும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். இப்போது தங்கை போட்ட பச்சை வட்டத்தை எண்ணுவோம். அந்த ஒன்பது மாதத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை வீட்டில் இருக்கும் நாள்கள்: சென்னை பேங்க்வெட்டில் வாரத்துக்கு ஒன்று, 39. கப்பலில் 63. ஆமாம், கப்பல்காரர்தான் அதிக நாள் வீட்டில் சாப்பிடுகிறார். போட்டுப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

துபாய்க்குத் தனியாகப் போனால் வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு. ஒன்பது மாதத்துக்குப் பிரித்தால் 22. ஊட்டியில் மாதத்தின் நான்கு வாராந்தர விடுமுறை நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து போனால், முந்தின இரவே கிளம்பி நான்காம் நாள் இரவு வண்டி ஏற வேண்டும். மாதத்துக்கு மூன்று சாயங்காலம். சீசன் இரண்டு மாதத்தைக் கழித்தால் 21. என் கேன்டீனில் பொது ஷிப்ட்காரருக்கு 250க்குக் குறையாது.

இந்த வேலையில் களைப்பு பழகிவிடும். ஊர் மொத்தமும் ஓய்வெடுக்கும் நேரம்தான் நமக்கு வேலை நேரம் என்பதற்கு மட்டும் யாரும் பழகியதில்லை. அதிலும் பிரேக் ஷிப்ட் இருக்கிறதே, காலை பதினொன்றுக்கு உள்ளே போய், மூன்றரைக்கு விட்டு, மறுபடி ஆறரைக்கு வந்து, பதினொன்றரைக்கு முடிப்பது. தாளில் ஒன்பதரை மணி நேரம். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் தாம்பரம் போய்த் திரும்ப முடியுமா? லாக்கர் ரூம் பெஞ்சில் ஷூவைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடப்போம். வீட்டைப் பொறுத்தவரை அன்றைக்கு நாம் பன்னிரண்டரை மணி நேரம் இல்லை.

ரோஸ்டர் எப்போது வரும்?

ரோஸ்டர் என்றால் யாருக்கு எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு என்ற பட்டியல். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ சம்பளத்துக்குச் சமமான விஷயம் இது.

நான் வேலை பார்த்த ஓட்டலில் டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கார்க் பலகை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணி வாக்கில் அடுத்த வார ரோஸ்டரைக் குண்டூசியில் குத்துவார்கள். திங்கள் காலை அதன் மேல் பென்சிலில் மாற்றம் வரும். வியாழன் என்று அச்சிட்ட என் ஆஃப் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. காரணம் இருக்காது. இப்போது பலகை போய் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது, பென்சில் போய் "ப்ளீஸ் அட்ஜஸ்ட்" வந்திருக்கிறது.

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. நமக்கு லீவு தெரிவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன். ஊருக்குப் போவது, காது குத்து, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாமே இந்த இடைவெளியில் விழுந்து போகும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் என்றாலும், அது செவ்வாய்க்கிழமை என்று மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்தால் குடும்பம் அதைச் சுற்றித் தன்னை அமைத்துக்கொள்ளும். தெரியாத இரண்டு நாளைவிடத் தெரிந்த ஒரு நாள் மேல்.

பண்டிகை நாளும் அப்படித்தான். தமிழ்நாட்டுச் சட்டப்படி தேசிய விடுமுறை நான்கு, பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக வருஷத்துக்கு ஒன்பது நாள். அன்றைக்கு வேலை செய்தால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ தர வேண்டும். அந்த மாற்று விடுமுறையைத் தேதி போட்டு எழுதி வாங்காவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" கணக்கில் போய்விடும். எங்கள் பேட்ச்சில் ஒருவர் விலகும்போது 23 நாள் பாக்கி வைத்திருந்தார். பைசாவும் வரவில்லை, நாளும் வரவில்லை.

கல்யாண வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆறுதல் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, ஹால் காலி, மேனேஜர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆடியில் லீவு கேட்காத பேங்க்வெட்காரர் பிழைக்கத் தெரியாதவர்.

கப்பல்

63 சாயங்காலம் என்றேன். உண்மைதான். ஆனால் அது மொத்தமாகச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சாப்பாடு மாதிரி.

இரண்டாவது கான்ட்ராக்டில் நான் கரீபியன் பக்கம் இருந்தேன். மகள் அப்போது எல்.கே.ஜி. டின்னர் முடித்து, மறுநாள் காலைக்கு மேஜை போட்டு, கேபினுக்கு வரும்போது நள்ளிரவு. இரண்டு அடுக்குப் படுக்கை, கீழ்ப் படுக்கை எனக்கு, ஒரு திரையை இழுத்துவிட்டால் அதுதான் வீடு. ஜன்னல் இல்லை. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை. மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் எழுந்து போன் செய்ய முடிகிற நேரத்தில் அவள் தூங்கப் போயிருப்பாள், அல்லது தூக்கக் கலக்கத்தில் அழுவாள். ஆக ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் துறைமுகத்தில் கப்பல் நின்றால்தான் நல்ல சிக்னல்.

திரும்பி வந்ததும் முதல் பத்து நாள் வீட்டில் எனக்கு விருந்தாளி மரியாதை. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, எனக்கு மட்டும் ஷோகேஸிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளர். பிழைப்பே விருந்தாளியைக் கவனிப்பதுதான், அதனால் அந்த மரியாதையின் அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. எவர்சில்வர் டம்ளர் கைக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது. அப்புறம் ஐந்து வாரம். மறுபடி பெட்டி.

இதற்காகக் கப்பலே கூடாது என்று சொல்ல மாட்டேன். அங்கே சாப்பாடு, படுக்கை, ரயில் பாஸ் என்று ஒரு செலவும் இல்லை. டாலரில் வருகிறது. இந்தியாவில் இருக்கும் நாள் 182க்குக் குறைந்தால் வெளிநாட்டுவாசி என்ற கணக்கில் வரியும் வேறு மாதிரி. மூன்று வருஷத்தில் அடைக்க முடியாத கடனை இரண்டு கான்ட்ராக்டில் நான் அடைத்தேன். தங்கை கல்யாணக் கடன்தான் அது, மாப்பிள்ளைக்கும் தெரியும். கல்யாணம் ஆகாத 24 வயதுப் பையன் கேட்டால் இரண்டு நிமிஷம்கூட யோசிக்க விட மாட்டேன், போ என்பேன்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடல் தொழிலாளருக்கான 2006ஆம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி வேலை வாங்கித் தந்ததற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, கடல் தொழிலாளர் அடையாளப் புத்தகமான சிடிசி, பாஸ்போர்ட் செலவு உங்களுடையது, விசா செலவு கம்பெனியுடையது. கப்பலேறுகிறவர்களுக்கான எஸ்டிசிடபிள்யூ பாதுகாப்புப் பயிற்சிக்குப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் உண்டு, அது வேறு. "சீட்டுக்கு மூன்று லட்சம்" என்று கேட்கிற ஏஜென்டிடம் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் கொடுத்த ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் எடுக்கும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அதே ஒப்பந்தத்தில் 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்றும் இருக்கிறது. அந்த ஓய்வு இரண்டு துண்டாக வரலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. படித்தால் தாராளமாகத் தோன்றும். ஆறு மணி நேரத்தில் குளித்து, துணி துவைத்து, தூங்கி எழுந்து பாருங்கள்.

மாப்பிள்ளைக்குக் கடன் இல்லை. அதனால் கப்பலை முதலிலேயே தள்ளிவைத்தோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீலக் கடல் படத்தை மொபைலில் வால்பேப்பராக வைத்திருந்தார்.

துபாய்

ஒரே கேள்விதான்: குடும்பத்தோடா, தனியாகவா?

அங்கே மனைவி, குழந்தைக்கு விசா எடுக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். மாப்பிள்ளைக்கு வந்த கடிதத்தில் 2,600, பகிர்வு அறை, ஓட்டலில் சாப்பாடு. அப்படியென்றால் தனியாகத்தான். போனால் 2021 சட்டப்படி வாரத்துக்கு 48 மணி, வருஷத்துக்கு 30 நாள், விலகும்போது கிராஜுவிட்டியாக முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். "அடிப்படை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடிதத்தில் 2,600ஐ அடிப்படை, அலவன்ஸ் என்று இரண்டாக உடைத்திருப்பார்கள், கிராஜுவிட்டி அந்தச் சின்னத் துண்டுக்குத்தான்.

துபாய்க்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். பிரேக் ஷிப்டில் மூன்றரைக்கு விட்டால் இங்கே ஐந்து மணி. பையன் விளையாடிவிட்டு வந்திருப்பான். தினமும் முகம் பார்த்துப் பேசலாம். சென்னையில் பிரேக் ஷிப்ட் சாபம், அங்கே அதே பிரேக் வரம். என்னுடன் வேலை பார்த்த ஒருவர் தினம் அந்த நேரத்தில் வீடியோவிலேயே மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கில் மட்டும் திட்டு விழுமாம்.

சம்பளம் 4,000ஐத் தாண்டி, தங்கைக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்றால் இதைத் திரும்ப எடுத்துப் பேசலாம். இப்போதைக்கு இல்லை.

ஊட்டி

காற்று நல்லது, குவார்ட்டர்ஸ் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, செலவழிக்க வழியே இல்லை. ஆனால் ஊட்டியின் சீசன் ஏப்ரலும் மேயும், மலர்க் கண்காட்சியும் மேயில்தான். இரண்டாவது சீசன் செப்டம்பர், அக்டோபர். அதாவது பள்ளிக்கூடத்துக்கு எப்போதெல்லாம் விடுமுறையோ அப்போதெல்லாம் அப்பாவுக்குத் தலைக்கு மேல் வேலை. ஜூன், ஜூலை மழையில் லீவு தாராளமாகக் கிடைக்கும், பிள்ளைக்குப் பள்ளி திறந்திருக்கும். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வர இ-பாஸ் என்றார்கள். எனக்குத் தெரிந்த ரிசார்ட்காரர்கள் யாருக்கும் அதனால் மேயில் லீவு கிடைத்ததாகத் தெரியவில்லை.

குடும்பத்தையே மேலே கூட்டிக்கொண்டு போவதென்றால் இது நல்ல வழி. தங்கைக்கு ஊட்டிக் கிளைக்கு மாற்றல் கேட்கலாம். கேட்டால் எப்போது வரும் என்பது அவளுக்கே தெரியாது. அதோடு மாமியார் இடுப்பு வலிக்காரர், குளிர் ஆகாது. சரி, விட்டுவிட்டோம்.

கேன்டீன்

என் நாள் காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பிக்கிறது. ஏழு மணிக்கு இட்லி, பொங்கல். பதினொன்றரையிலிருந்து சாப்பாடு, நான்கு தடவையாக 1,100 பேர். மூன்றரைக்கு டீ, வடை. நாலரைக்கு நான் வெளியே. நாளைக்கு எத்தனை தட்டு என்பது இன்றைக்கே தெரியும், அடுத்த மாத ரோஸ்டர் இந்த மாதமே தெரியும். தொழிற்சாலைக்குப் பராமரிப்பு விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறை.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியெல்லாம் இந்த வேலை முளைத்துக் கிடக்கிறது. கேட்டரிங் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. "இண்டஸ்ட்ரியலா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

பிதுக்குவதிலும் நியாயம் உண்டு. டிப்ஸ் கிடையாது. அதே சாம்பார், அதே முகங்கள், "உப்பு குறைவு" என்ற அதே புகார். சரக்கு மாஸ்டர் நல்லவராக இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை, சரியில்லாவிட்டால் எல்லாத் திட்டும் உங்களுக்கு. வெள்ளி ஸ்பூன் பிடித்துப் பரிமாறிய கை மூன்று வருஷத்தில் மறந்துவிடும், திரும்ப நட்சத்திர ஓட்டலுக்குப் போனால் ஒரு படி கீழேதான் உட்கார வைப்பார்கள். முதல் வருஷம் எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கை பரபரக்கும், ஹாலில் லைட் போட்டிருப்பார்களே என்று. மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள்.

சேருவதற்கு முன் மூன்று கேளுங்கள். தொழிற்சாலை மூன்று ஷிப்ட் ஓடினால் கேன்டீனும் மூன்று ஷிப்ட் ஓடும், ராத்திரி ஷிப்ட் சுழற்சியில் நீங்கள் உண்டா? சனிக்கிழமை வேலை நாளா? கேட்டரிங் கம்பெனியின் கான்ட்ராக்ட் எந்தத் தேதியில் முடிகிறது? மூன்றாவதுதான் முக்கியம். கான்ட்ராக்ட் கை மாறினால் உங்களை ஓசூருக்கு அனுப்பலாம். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்து, எட்டு மாதம் வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்து போனேன்.

இருக்கிற ஓட்டலிலேயே

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மாப்பிள்ளையும் யோசித்திருக்கவில்லை. நம் ஆள்கள் வேலையை விடுவார்களே ஒழிய, இடம் மாற்றிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் இளக்காரமாக நினைப்பார்களோ என்ற பயம்.

சமையலறைக்காரர் என்றால் பேக்கரி, இறைச்சி வெட்டும் புட்சரி பக்கம் போகலாம். விடியற்காலையில் போய் மதியம் வந்துவிடலாம், ராத்திரி எட்டரைக்குக் கண் சொருகும், அது தனி. சர்வீஸ்காரருக்கு என்ன இருக்கிறது? பேங்க்வெட் சேல்ஸ் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், கோட்டு போட்டுப் பகலில் வேலை. வேண்டாம். கல்யாணத்தை புக் செய்த ஆள் கல்யாணத்தன்று அங்கே நிற்காவிட்டால் பெண்ணின் அப்பா விட மாட்டார். பழைய நேரமும் போகாது, புது டார்கெட்டும் சேரும். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் நல்ல இடம், ஆனால் காலி வந்தால்தான். சுகாதாரப் பிரிவும் உண்டு. 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் கணக்கு. அந்தப் பயிற்சிக்கு ஃபாஸ்டாக் (FoSTaC) என்று பெயர், அதை சர்வீஸ்காரரும் முடித்து வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது காபி ஷாப்பில் காலை உணவு ஷிப்ட். ஆறு மணிக்கு உள்ளே, மூன்று மணிக்கு வெளியே. இளவட்டங்கள் அதை வாங்க மாட்டார்கள், ராத்திரி ஷிப்டில்தான் டிப்ஸ் என்பார்கள். போட்டி குறைவு. பதவி அதே, பிஎஃப் அதே, யூனிஃபார்ம்கூட அதே. நஷ்டம் டிப்ஸில்தான். சர்வீஸ் சார்ஜ் பங்கை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் சொன்னதை, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் சரி என்றது.

இன்னொன்று. மாப்பிள்ளை அந்த ஓட்டலில் சேர்ந்து மார்ச்சில் நாலு வருஷம் ஐந்து மாதம். ஐந்து முடிந்தால் கிராஜுவிட்டி, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஏழு மாதத்துக்காக அதை விட்டுவிட்டுப் போவது எனக்கு மனசு வரவில்லை. நான் என் முதல் ஓட்டலை நாலு வருஷம் மூன்று மாதத்தில் விட்டவன்.

மெஸ்ஸைப் பற்றி இரண்டே வரி. மதியச் சாப்பாடு மட்டும், ஞாயிறு லீவு என்று நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சாயங்காலம் அவர்களுடையதுதான். ஆனால் விடியுமுன் கோயம்பேடு, அப்புறம் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டால் அடுப்பில் நீங்கள். முதல் மூன்று வருஷம் அதுதான் வீடு. பையன் பள்ளிக்குப் போகட்டும், பார்க்கலாம்.

கேட்கப்படாதவள்

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோது தங்கை உள்ளே பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மணி ஏழரை. பாதி வாயில், பாதி தரையில். வெளியே வந்து ஒன்று சொன்னாள்.

"அவரு எவ்வளவு நேரம் வேலை பார்க்கிறார்ங்கிறது எனக்குக் கவலையே இல்லை. மார்ச் கடைசியில எனக்கும் வீட்டுக்கு வர ஒன்பது ஆகும். அந்த ஒரு வாரம் இவனை யார் தூங்க வைக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்குக் கப்பலிலும் துபாயிலும் ஊட்டியிலும் பதில் இல்லை. கேன்டீனில் இருக்கிறது, காலை ஷிப்டில் இருக்கிறது. அதனால் நாங்கள் போட்ட வரிசை இது: முதலில் காலை ஷிப்டுக்கு எழுத்தில் கேட்பது, வாய்ப்பேச்சு வேண்டாம், ஹெச்ஆருக்கும் ஒரு நகல். அக்டோபரில் ஐந்து வருஷம் முடிகிறவரை அங்கேயே. அதற்குள் தராவிட்டால் ஒரகடம். அந்த கேன்டீன்காரர்களிடம் அதுவரை "இல்லை" என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டு போவது என் பொறுப்பு, அவர்களை எனக்குத் தெரியும். கடன் ஏதாவது வந்தால் மட்டும் கப்பல்.

கடிதம் ஏப்ரலில் கொடுத்தார். "ஜூன்ல பார்க்கலாம்" என்றார்களாம். ஆடியில் குலதெய்வக் கோயிலில் பையனுக்கு மொட்டை போட வேண்டும், திருநெல்வேலிப் பக்கம். அதற்கு லீவு கேட்டதற்கு, "ஆடியிலதானே, தாராளமாப் போங்க" என்று மேனேஜர் வாயால் சொல்லியிருக்கிறார். போன வாரம் முன்பதிவு திறந்த அன்றே தங்கை டிக்கெட் போட்டுவிட்டாள். இரண்டு பெர்த், பையனுக்கு டிக்கெட் வேண்டாம். ஒரு பெர்த்தை மட்டும் கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எனக்கு போன் செய்து கேட்டாள்.